செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமை (பழைய பெட்ரோல் கார்கள்)

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் எஞ்சினை நல்ல வேகத்தில் சுற்றுகிறது. ஆனாலும் எஞ்சின் பிடித்து ஓடவில்லை. கார்புரேட்டரும் சி.பி. பாயிண்ட்டும் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் இந்தக் கோளாறைப் பட்டறைகளில் “செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல” என்பார்கள். பேட்டரி இறங்கிச் செல்ஃப் திணறுவதும், ‘டக்’ என்ற ஒலியோடு நின்றுவிடுவதும் வேறு வகைக் கோளாறுகள். செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றாலே பேட்டரியும் அதன் கேபிள்களும் செல்ஃப் மோட்டாரும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்று கொள்ளலாம். தேட வேண்டிய இடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இந்தியச் சாலைகளில் இக்கோளாறோடு நெடுங்காலம் பழகியவை மூன்று கார்கள்: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான இந்துஸ்தான் அம்பாசடர், ஃபியட் 1100-இலிருந்து வந்த பிரிமியர் பத்மினி, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பழைய அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி.; பத்மினியுடையது 1089 சி.சி. அளவில் வேறுபட்டாலும் மூன்றும் ஒரே குடும்பம்போல நடந்துகொள்பவை. நான்கு சிலிண்டர், ஒரு காயில், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டர். ஆகவே ஒன்றுக்குச் சொல்லும் சோதனை மற்ற இரண்டுக்கும் பொருந்தும்.

வரலாறு

எரிபொருளைச் சிலிண்டருக்குள் பற்றவைப்பது தொடக்கக்கால எஞ்சின்களின் தலையாய சிக்கலாக இருந்தது. பிரான்சில் எத்தியேன் லெனுவார் 1860-இல் செய்த வாயு எஞ்சின், ரூம்கார்ஃப் காயில் தந்த மின்பொறியால் ஓடியது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியிலும் பேட்டரியும் காயிலுமே பற்றவைத்தன. அதே காலத்தில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மின்சாரத்தை நம்பவில்லை. வெளியே சுடர் வைத்துச் செந்தணலாகக் காய்ச்சிய ஒரு குழாயைக் கொண்டு பற்றவைத்தார்கள். ராபர்ட் போஷின் பட்டறை 1897-இல் மேக்னெட்டோவை வண்டி எஞ்சினில் பொருத்திக் காட்டியது. அங்கே பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட் 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை, எஞ்சின் சுற்றினால் அதுவே மின்சாரம் தரும். ஆனால் மெதுவாகச் சுற்றினால் பொறி மெலிந்துவிடும்; ஸ்டார்ட் செய்யும் நேரமோ எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றும் நேரம்.

அந்நாளில் சுற்றியது மனிதக் கைதான். வண்டியின் முன்னால் நின்று ஹேண்டில் போட்டார்கள். டைமிங் முந்தியிருந்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். ஆனால் அந்தக் கைக்கு எஞ்சினின் உள்நிலை தெரிந்தது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எதிர்த்து நிற்கிறதா, ஒன்று மட்டும் இளகிப் போகிறதா என்பதை இரண்டு சுற்றில் சொல்லிவிட முடிந்தது.

அமெரிக்காவின் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் பற்றவைப்பு, கையால் சுற்றுவது ஆகிய இரண்டையும் மாற்றினார். பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் கொண்ட அவரது பற்றவைப்பு முறை 1910-இன் கடிலாக் காரில் வந்தது. 1912-இல் அதே நிறுவனத்தின் கார்களில் அவரது மின்சார செல்ஃப் வந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் இருப்பது சாராம்சத்தில் கெட்டரிங்கின் ஏற்பாடே. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் ஆகியவற்றை இந்தியாவிலேயே செய்து தந்தபோதும் அடிப்படை மாறவில்லை.

நம் கோளாறின் பிறப்பும் இங்கேதான். கையால் சுற்றிய காலத்தில் பேட்டரி பொறிக்கு மட்டும் உழைத்தது அல்லது உழைக்கவே இல்லை. கெட்டரிங்குக்குப் பின் ஒரே பேட்டரி செல்ஃபையும் சுற்றி, காயிலுக்கும் மின்சாரம் தர வேண்டியதாயிற்று. செல்ஃப் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரை உறிஞ்சும்போது 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். செல்ஃபுக்கு அது போதும், காயிலுக்குப் போதாமல் போகலாம். ஓயாமல் செல்ஃப் அடித்துக் களைத்த வண்டி தள்ளிவிட்டதும் சட்டென்று பிடிப்பதற்கு இதுவே காரணம். இதைச் சமாளிக்கப் பிற்காலக் கார்கள் சிலவற்றில் குறைந்த மின்னழுத்தத்திலேயே வேலை செய்யும் காயிலையும், வழக்கமான ஓட்டத்தில் அதைக் காக்க ஒரு ரெசிஸ்டரையும் வைத்தார்கள். செல்ஃப் சுற்றும்போது மட்டும் மின்சாரம் ரெசிஸ்டரைத் தவிர்த்து நேராகப் போகும். அந்த ரெசிஸ்டர் அறுந்தால் எஞ்சின் செல்ஃபில் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்துவிடும்.

சோதனையின் வரிசை

எஞ்சின் ஓடத் தேவையானவை கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன், இம்மூன்றும் உரிய நேரத்தில் கூடுவது. எதை முதலில் பார்ப்பது என்பதில் மெக்கானிக்குகளிடம் இரு பழக்கங்கள் உண்டு. பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பார்ப்பவர்கள் ஒரு சாரார், பிளக் வயரைப் பிடுங்குபவர்கள் மறு சாரார். கரண்ட்டை முதலில் பார்ப்பதே முறை. அதற்கு ஒரு நிமிடம் போதும், எதையும் கழற்றிக் கெடுக்க வேண்டியதில்லை, பெட்ரோல் சிந்துவதற்கு முன்பே பொறிச் சோதனை முடிந்துவிடும். சிந்திய பெட்ரோலின் அருகே பொறி பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அதற்கும் முன்பாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது ஒரே சீரான துடிப்பு கேட்டால் கம்ப்ரஷன் ஓரளவு இருக்கிறது. துடிப்பே இல்லாமல் விர்ரென்று சுழன்றால் டைமிங் செயின் அறுந்திருக்கலாம். நான்கில் ஒரு துடிப்பு மட்டும் நொண்டினால் ஒரு சிலிண்டர் இளகியிருக்கிறது. ஹேண்டில் பிடித்த கை அறிந்ததை இப்போது காதுதான் அறிய வேண்டும்.

கரண்ட்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியுள்ள தடித்த வயரைக் கழற்றி, காப்பிட்ட குறட்டால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி நிறுத்தி, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நீலநிறத்தில் ‘பட் பட்’ என்று தடிமனாகப் பாய்ந்தால் காயிலும் பாயிண்ட்டும் கண்டென்சரும் நலம். மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து வந்தால் அது பொறி என்று கணக்கில் கொள்ளத்தக்கதல்ல. திறந்த காற்றில் தாவும் அந்த மெலிந்த பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையைத் தாண்ட முடியாமல் போகும்.

நடு வயரில் நல்ல பொறி வந்து பிளக் வயர்களில் வராவிட்டால் குற்றம் மூடியிலோ ரோட்டரிலோ இருக்கிறது. மூடியின் உட்புறம் மயிரிழைபோலக் கரிக்கோடு ஓடியிருக்கும், அல்லது நடுக் கார்பன் தேய்ந்திருக்கும். ரோட்டரின் விரிசலோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. புதியதை மாட்டிப் பார்ப்பது ஒரு வழி. மழைக்காலத்தில் மூடியினுள் ஈரம் கோத்துக்கொள்வதும் இதே விளைவைத் தரும், உலர்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடும்.

நடு வயரிலும் பொறி இல்லையென்றால் காயிலின் இரண்டு சிறு முனைகளைப் பார்க்க வேண்டும். லூகாஸ் காயில்களில் அவை எஸ்.டபிள்யூ., சி.பி. என்று குறிக்கப்பட்டிருக்கும். சாவியைப் போட்டு, ஒரு டெஸ்ட் விளக்கை முதல் முனைக்கும் இரும்புக்கும் இடையே வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவி ஸ்விட்ச்சிலிருந்து வரும் வயரில் குறை. எரிந்தால் விளக்கை சி.பி. முனைக்கு மாற்றி எஞ்சினைச் சுற்ற வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைந்து மினுக்க வேண்டும். அணையாமலே எரிந்தால் பாயிண்ட் கூடவில்லை, அல்லது அதன் முகங்களில் படலம் படிந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கலாம், அல்லது கண்டென்சரோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு வயரோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மாதக்கணக்கில் நின்ற காரில் பெரும்பாலும் குற்றவாளி பாயிண்ட் முகத்துப் படலமே. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி வைத்தால் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் மீண்டும் வேலை செய்யும்.

கண்டென்சர் அறுந்திருந்தால் பொறி மெலியும், பாயிண்ட் முகங்களில் மட்டும் வெளிச்சம் தெறிக்கும், புதிய பாயிண்ட்டும் சில நாளில் கருகும். பாயிண்ட்டை மட்டும் மீண்டும் மீண்டும் மாற்றுவதால் கைக்காசுதான் கரையும். சோதிக்காமல் பாகம் மாற்றும் வழக்கமே இக்கோளாறைப் பெருஞ்செலவாக ஆக்குகிறது.

பெட்ரோல்

பொறி நன்றாக இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து சொட்டினால் அளவுக்கு மீறி வந்திருக்கிறது. நனைந்த எஞ்சினுக்குச் சோக்கை முழுதும் தள்ளி, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக அடிவரை அழுத்திப் பிடித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் இறங்கும். இது திரும்பத் திரும்ப நேர்ந்தால் ஃப்ளோட் ஓட்டையா, நீடில் வால்வில் அழுக்கா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த பிளக்குக்கு ஏ.சி. பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம், ஃபில்டர், டாங்க்கின் அடித்துரு, அடைத்த ஜெட் என்பவை காரணம். கார்புரேட்டர் முனையில் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடித்தால் பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் பீச்ச வேண்டும்.

கோடையில் வெகுதூரம் ஓடி நின்ற கார் மீண்டும் பிடிக்காவிட்டால் ‘ஏர் லாக்’ என்று சொல்லி, பம்ப்பின்மேல் ஈரத்துணி போடுவது வழக்கம். பைப்பில் பெட்ரோல் ஆவியாகித் தடைபடுவது உண்மையே. ஆனால் சூடேறியதும் பொறி தராமல், ஆறியதும் உயிர்பெறும் காயிலும் இதே குணத்தைக் காட்டும், ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் அதுவும் ஆறிவிடும். சூடாக இருக்கும்போதே நடு வயர்ச் சோதனை செய்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

பெட்ரோலின் ஆவியாகும் தன்மை ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு யாழ்ப்பாணத்தின் 1990-கள் சான்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது அங்குள்ள ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே அரிதாகக் கிடைத்த பெட்ரோலில் சிறிது கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கம்ப்ரஷன் விகிதம் குறைவான பழைய எஞ்சின்களால்தான் இது கைகூடியது.

டைமிங், கம்ப்ரஷன்

பொறியும் பெட்ரோலும் இருந்து, கார்புரேட்டர் வழியாக எஞ்சின் ‘புஸ்’ என்று தும்மினால் பிளக் வயர்கள் மாறியிருக்கும் அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் தளர்ந்து திரும்பியிருக்கும். பழுது பார்த்துக் கொண்டுவந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் நேர் எதிராக மாட்டப்பட்டிருப்பதும் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் இல்லையெனில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

இன்றைய நிலை

இப்போதைய கார்களில் பாயிண்ட்டும் கார்புரேட்டரும் இல்லை. கிராங்க் சென்சார், டாங்க்குக்குள் இருக்கும் பம்ப், இம்மொபிலைசர் ஆகியவற்றை ஸ்கேனர் வழியே சோதிக்கிறார்கள். பத்மினி டாக்ஸிகள் மும்பையில் 2023 அக்டோபருடன் ஓய்ந்தன. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பம்ப்புகளின் ரப்பர் டயாபிரத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால், இன்னும் ஓடும் அம்பாசடர்களில் அதைத் தாங்கும் டயாபிரத்தைப் பொருத்திக்கொள்வது நல்லது.