புதுசா துப்பாக்கி வாங்கியாச்சா? எந்த கிளீனர், எந்த ஆயில் வாங்கணும்? முழு விவரம்

லைசென்ஸ் கிடைத்து, துப்பாக்கியும் கைக்கு வந்துவிட்டது. அடுத்து அதைச் சுத்தம் செய்யவும் எண்ணெய் போடவும் என்ன வாங்குவது என்ற கேள்வி வரும். கடையில் சால்வென்ட், சிஎல்பி, கன் ஆயில், கிரீஸ் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். 'இதுல எதுதான் வேணும்?' என்று புதியவர்கள் குழம்புவது சகஜம்.

பிராண்டை விட, எந்த வேலைக்கு எது என்பது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று வேலை, மூன்று பொருள்

சால்வென்ட்: சுட்டபின் குழலுக்குள் படியும் வெடிமருந்துக் கரி, ஈயம், செம்பு ஆகியவற்றைக் கரைத்து எடுப்பது இதன் வேலை. 1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹாப்பிஸ் நம்பர் 9 இந்த வகைதான். செம்புக்கான சில சால்வென்ட்டுகளில் அம்மோனியா இருக்கும். அதைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஊற விடக்கூடாது. நிக்கல் பூச்சு உள்ள துப்பாக்கிக்கு அது ஆகாது.

லூப்ரிகன்ட்: உரசி நகரும் பாகங்களுக்கான ஆயில் அல்லது கிரீஸ்.

பாதுகாப்பு ஆயில்: துப்பாக்கியைப் பல வாரங்கள் எடுக்காமல் வைக்கும்போது துருப்பிடிக்காமல் காப்பது.

இந்த மூன்றையும் ஓரளவு சேர்த்துச் செய்வதுதான் சிஎல்பி. எப்போதாவது சுடுபவருக்கு ஒரு பாட்டில் சிஎல்பி, குழலின் அளவுக்கு ஏற்ற பிரஷ், கிளீனிங் ராட், பருத்தித் துணித் துண்டுகள் போதும். அதிகம் பயிற்சி செய்பவர்கள் தனியாக சால்வென்ட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் இருக்கும் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நாளாக நாளாகப் பிசுபிசுத்து, பாகங்கள் ஒட்டிக்கொள்ளும்.

டபிள்யூடி-40? 1953-ல் அமெரிக்காவில் உருவான இதன் பெயரிலேயே வேலை இருக்கிறது. ஈரத்தை விரட்டும் கலவைக்கான 40-வது முயற்சி என்பதுதான் அர்த்தம். மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை எடுக்க உதவும். ஆனால் அதன் படலம் மெல்லியது. அதனால் நீண்டநாள் லூப்ரிகன்டாக அதை நம்ப முடியாது.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் இன்னும் கவனம் தேவை. அதன் காற்று அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போனால், அழுத்தத்தில் ஏற்படும் சூட்டில் எண்ணெய் தீப்பிடித்து சீல், ஸ்பிரிங் சேதமாகலாம். தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு போடணும்?

புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்குதான். எண்ணெய் அதிகமானால் கரியும் தூசியும் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். தோட்டாவின் பிரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் அது வெடிக்காமலே போகலாம். உரசும் இடத்தில் ஓரிரு சொட்டு, வெளிப்புறத்தில் துணியால் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். சுடுவதற்கு முன் குழலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு வியட்நாம் போர் ஒரு கசப்பான பாடம். 1960-களில் எம்16 ரைஃபிள் அங்கே போனபோது, 'இதை அதிகம் சுத்தம் செய்யவே தேவையில்லை' என்ற பேச்சு பரவியிருந்தது. போதுமான கிளீனிங் கிட்டும் தரப்படவில்லை. வெடிமருந்து வகை மாற்றப்பட்டது. சேம்பருக்கு குரோம் பூச்சும் இல்லை. ஈரமான காடுகளில் சுட்ட தோட்டாவின் கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொள்ள, சண்டையின் நடுவே ரைஃபிள் நின்றுபோனது. வீரர்கள் உயிரிழந்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. பிறகு குரோம் பூச்சு வந்தது, கிளீனிங் கிட் வந்தது. ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த காமிக்ஸ் கையேடு மூலம் வீரர்களுக்குப் பராமரிப்பும் சொல்லித்தரப்பட்டது.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கவும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.
* முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் நோக்கி ராடைச் செலுத்தவும். குழல் வாய் தேய்ந்தால் குறி தவறும்.
* ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொள்ளவும். கரியில் ஈயம் இருக்கும். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவவும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.
* மரக்கட்டைப் பகுதியில் சால்வென்ட் படக்கூடாது, பாலிஷ் போய்விடும்.
* கையேட்டில் சொன்னதைத் தாண்டிப் பிரிக்க வேண்டாம். பழுது பார்க்கவும் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் தேவை என்பதால், லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டுமே கொடுக்கவும்.

எங்கே வைப்பது?

தோல் உறையில் போட்டே வைத்தால், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துரு ஏறும். பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது நல்லது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்க அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், வாரக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்து பாதுகாப்பு ஆயில் பூசிக் கொடுங்கள். திரும்ப வந்ததும் முதல் வேலையாக, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.