பாட்டின் நடுவே இறங்கும் தந்தி



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பு அடிப்பவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தீ மூட்டித் தோலைக் காய்ச்சுகிறார்கள். தோல் இறுகினால்தான் ஓசை எழும். தம்புரா மீட்டுபவரும் கச்சேரிக்கு முன்பே அடிப்புறத்து மணிகளை நகர்த்திச் சுருதி சேர்த்துக்கொள்கிறார். இவை எல்லாம் வாசிப்புக்கு முன் நடக்கும் வேலைகள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தந்தியின் சுரத்தை இறக்கி, மறுகணமே பழைய இடத்துக்கு ஏற்ற வேண்டும் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஓர் ஆலைத் தொழிலாளியும் உண்டு. இன்று அவருடைய கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஃபிளிண்ட் ஹில் என்று ஒரு சிற்றூர். அங்கே 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் எர்ல் ஸ்க்ரக்ஸ். நான்கு வயதில் தந்தையை இழந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நூல் ஆலையில் வேலை பார்த்தார். அவருடைய கருவி பாஞ்சோ. நம் தப்பைப் போலத் தோல் போர்த்திய வட்டம், அதிலிருந்து நீளும் ஒரு கழுத்து, அதன்மேல் ஐந்து தந்திகள், அவ்வளவுதான் பாஞ்சோ. மூன்று விரல்களால் அதை வாசிக்கும் முறையில் அவருக்கு இணையாக அன்று எவரும் இல்லை என்றே சொல்லலாம். 1945-இன் இறுதியில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். 1948-இல் விலகி, லெஸ்டர் ஃபிளாட் என்பவரோடு சொந்தக் குழு அமைத்தார்.

1951-இல் ஓர் இசைத்தட்டுக்காக வாசித்தபோது, பாட்டின் நடுவிலேயே இரண்டாம் தந்தியின் முறுக்காணியைத் திருகிச் சுரத்தை இறக்கினார், பிறகு ஏற்றினார். காதை நம்பிச் செய்த வேலை அது. ஒரு நூல் அளவு தவறினாலும் அபசுரம் ஊரறியக் கேட்கும். ஒவ்வொரு மேடையிலும் அந்தச் சோதனைக்கு யாரால் நிற்க முடியும்?

ஆகவே அவர் ஒரு துணிந்த காரியம் செய்தார். தம் பாஞ்சோவின் தலைப்பகுதியில் புதிய துளைகள் போட்டார். பிழைப்புக்கு ஆதாரமான கருவியைத் துளைப்பது விளையாட்டல்ல. மரம் பிளந்தால் போனது போனதுதான். துளைகளில் இரண்டு சிறு உருளைகளைப் பொருத்தினார். உருளையின் ஒரு பக்கம் மேடு. மேடு தந்தியை அழுத்தும்போது தந்தி இறுகிச் சுரம் ஏறும்; உருளையைத் திருப்பினால் இறங்கும். காதின் வேலையை உருளை எடுத்துக்கொண்டது. 1952-இல் பதிவான இன்னொரு வாசிப்பில் இரண்டு தந்திகளையும் இப்படி ஏற்றி இறக்கினார். அதற்குத் தம் சொந்த ஊரின் பெயரையே வைத்தார்.

இடையில் ஒரு செய்தி. 1953 முதல் இந்தக் குழு நாஷ்வில் வானொலியில் ஒரு மாவு நிறுவனத்தின் ஆதரவில் வாசித்தது. நிகழ்ச்சி நேரம் விடியற்காலை 5.45. நம் தோட்டங்களில் பெரட்டுக்குப் புறப்படும் வேளை! பதினைந்தே நிமிட நிகழ்ச்சியில் நின்று சுருதி கூட்ட நேரம் ஏது?

பிறகு பில் கீத் என்ற இளைஞர் வந்தார். 1960களின் நடுவில் அவரும் டான் பம்ப் என்ற நண்பரும் சேர்ந்து இன்னும் எளிய வழி கண்டார்கள். துளையும் வேண்டாம், உருளையும் வேண்டாம். முறுக்காணிக்குள்ளேயே தடை வைத்தார்கள். எவ்வளவு திருகினாலும் குறித்த இரண்டு எல்லைகளைத் தாண்டாது.

மின்சாரக் கித்தாருக்கு இந்தத் தேவை வேறு வடிவில் வந்தது. நம் நாட்டில் 1960களில் குகிரான் குழுக்கள் வாசித்த அதே வகைக் கித்தார்தான். அதன் ஆறாவது தந்தி, எல்லாவற்றிலும் தடித்தது, ஈ என்ற சுரத்தில் நிற்கும். நொடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வுகள். அதை டி சுரத்துக்கு இறக்கினால் 73 அதிர்வுகள். அப்போது கீழ் மூன்று தந்திகளும் ச, ப, ச என்று அமைந்துவிடும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து மூன்றையும் அழுத்தினால் போதும், கனத்த ஓசை கிடைக்கும். 1980களில் ஹிப்ஷாட் என்ற நிறுவனம் இதற்கென்று நெம்புகோல் வைத்த முறுக்காணிகளைச் செய்தது. பழைய முறுக்காணியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்ட வேண்டும். பெருவிரலால் தட்டினால் தந்தி இறங்கும்.

ஆனால் ஃபிளாய்ட் ரோஸ் அமைப்புள்ள கித்தாரில் இது பலிக்காது. நகை வேலை தெரிந்த அந்த மனிதர் 1979-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. தந்தி நழுவாமல் இருக்கக் கழுத்தின் முனையிலேயே பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. இங்கேதான் எட்வர்ட் வான் ஹேலன் வருகிறார். இவருடைய தாய் நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவின் ரங்காஸ்பிதுங்கில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1981-இல் ‘அன்செயின்ட்’ என்ற பாட்டுக்காகத் தடித்த தந்தியை இறக்கி வாசித்தவர் அவர். 1990களில் அவர் பெயரில் வந்த கித்தாரில், தந்தியின் அடிமுனையில், குதிரைக்குப் பின்னால், சிறு பித்தளைக் குழல் ஒன்று இருந்தது. டி-டூனா என்று பெயர். உள்ளே தள்ளினால் ஈ. வெளியே இழுத்தால் டி. ஒரு சிறு திருகாணியால் அளவைச் சரிசெய்துகொள்ளலாம்.

இதைப் பொருத்துகிறவர்கள் ஏமாறுவது ஓரிடத்தில். ஒரு சுரம் இறங்கும்போது அந்தத் தந்தியின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. குதிரை அந்தரத்தில் மிதப்பதாக இருந்தால், பின்னாலுள்ள சுருள்வில்கள் அதைத் தம் பக்கம் இழுத்துவிடும். மற்ற ஐந்து தந்திகளின் சுருதியும் ஏறிப்போகும். ஒருவரைத் தளர்த்தினால் பாரம் மற்றவர் தலையில் விழுவது போல. அதனால் வான் ஹேலன் குதிரையைக் கித்தாரின் உடல்மேல் படிந்தே இருக்கும்படி வைத்தார். மிதக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் பின்புறக் குழியில் ஒரு மரக்கட்டையைச் செருகி நிறுத்துகிறார்கள். குதிரையை மேலே தூக்கிச் சுரத்தை ஏற்றும் வசதி அத்தோடு போய்விடும்.

ஸ்க்ரக்ஸ் கீத்தைப் போட்டியாளராக நினைக்கவில்லை. அந்தப் புதிய முறுக்காணிகள் இருவர் பெயரும் தாங்கியே கடைக்கு வந்தன.