விக்கிப்பீடியா நூலகம்

விக்கிப்பீடியா நூலகம் என்பது, விக்கிப்பீடியாவிலும் அதன் உறவுத் திட்டங்களிலும் ஊதியமின்றி எழுதுவோருக்குக் கட்டண ஆய்விதழ்களையும் தரவுத்தளங்களையும் இலவசமாகத் திறந்துவிடும் சேவை. விக்கிமீடியா அறக்கட்டளை இதை நடத்துகிறது.

விக்கிப்பீடியாவில் எழுதுவதற்குச் சான்று கேட்பார்கள். நல்ல சான்றுகளோ பெரும்பாலும் சந்தாவுக்குள் கிடக்கின்றன; ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பல பதிப்பகங்கள் 30 டாலருக்கு மேல் கேட்கின்றன. பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அதன் நூலகம் பணம் கட்டிவிடும். பள்ளி ஆசிரியரோ ஓய்வுபெற்ற பொறியாளரோ எழுத உட்கார்ந்தால் கதவு சாத்தியிருக்கும்.

ஜேக் ஓர்லோவிட்ஸ் என்ற விக்கிப்பீடியர் பதிப்பகங்களிடம் பேசி, நன்கொடையாகக் கணக்குகளைப் பெற்றுத் தந்ததில் இது தொடங்கியது. 2012இல் ஹைபீம், ஜேஸ்டோர் என்ற கட்டணத் தரவுத்தளங்கள் முறையே 1,000 கணக்குகளும் 100 கணக்குகளும் அளித்தன. அப்போது விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இன்று தகுதியுள்ளவர் தம் விக்கிக் கணக்கிலேயே நுழைந்து பெரும்பாலான தரவுத்தளங்களை உடனே படிக்கலாம். கணக்கு தொடங்கி ஆறு மாதமும், 500 தொகுப்புகளும் (பக்கங்களில் செய்த திருத்தங்கள்), கடந்த 30 நாளில் 10 தொகுப்புகளும் வேண்டும். நடப்பில் தடை எதுவும் இருக்கக் கூடாது. எந்த மொழி விக்கியில் செய்த தொகுப்பும் கணக்கில் வரும். பட்டம் கேட்காமல் உழைப்பைக் கேட்கும் இந்த அளவுகோல் மிக நியாயமானது.

உள்ளே போனதும் முகவரிப் பட்டையில் இதழின் பெயரோடு நூலகத்தின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். ஈசிபிராக்சி என்ற இடைமென்பொருள் வழியாகப் படிப்பதன் அடையாளம் அது. அந்த முகவரியை அப்படியே மேற்கோளில் ஒட்டினால் வாசகருக்கு நுழைவுப் பக்கம்தான் கிடைக்கும். ஆகவே இதழின் சொந்த முகவரியையே தர வேண்டும்.

கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பது விதிமீறல். பதிப்பகங்களின் நம்பிக்கை போனால் எல்லாருக்கும் கதவு அடைபடும். அதற்கு மாற்றாக ஆங்கில விக்கிப்பீடியாவில் வளப் பரிமாற்றப் பக்கம் உண்டு. ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்க எண், எந்தக் கட்டுரைக்காகத் தேவை என்பவற்றை எழுதிவைத்தால், கையில் வைத்திருக்கும் இன்னொருவர் பதில் சொல்வார். விக்கியின் மின்னஞ்சல் வசதியில் கோப்பு இணைக்க முடியாது. எனவே கேட்டவர் முதலில் ஒரு மடல் போட வேண்டும். பிரதி அதற்குப் பதிலாக வரும். முன்பின் தெரியாத ஒருவருக்காக, எங்கோ ஒரு நூலகத்தில் பழைய தொகுதியை இறக்கிப் பக்கம் புரட்டும் இந்த உதவிதான் திட்டத்தின் உயிர்.

மறுப்புகளும் உண்டு. 2015இல் எல்செவியர் பதிப்பகம் 45 கணக்குகள் வழங்கியபோது, ஆய்வுகளை எவரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கத்துக்காகப் போராடும் உயிரியலாளர் மைக்கேல் ஐசன் கண்டித்தார். எழுதுபவர் படித்த சான்றை வாசகர் சரிபார்க்க முடியாமல் போகிறது என்ற குறை உண்மையானது. அது இன்னும் தீரவில்லை.

தமிழில் எழுதுவோரின் சிக்கல் வேறு. இத்தரவுத்தளங்களில் ஆங்கில ஆய்வுகளே மிகுதி. பழைய தமிழ்ச் சிற்றிதழ்களை அங்கே தேடிப் பயனில்லை. அதற்கு, ஈழத்து ஆவணங்களுக்காகத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கைகொடுக்கின்றன. அங்கே படிக்க 500 தொகுப்புகள் தேவையில்லை. அச்சடித்த பக்கத்தின் படத்தை எழுதுபவரைப் போலவே வாசகரும் திறந்து பார்க்கலாம்.