நேரடி இசை மென்பொருளும் செயலிச் சுமையும்

நேரடி இசை மென்பொருள் என்பது மேடையில் கணினியை இசைக்கருவியாக இயக்கும் மென்பொருள் ஆகும். ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினி திணறினால் மறுபடியும் ஓட்டிக்கொள்ளலாம். மேடையில் அந்தச் சலுகை கிடையாது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 64 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ 1.45 மில்லிநொடிதான் ஒலிக்கும். அதற்குள் அடுத்த துண்டு தயாராகாவிட்டால் ஒலி அறுபட்டு 'டிக்' என்று கேட்கும். துண்டை 512 மாதிரிகளாக்கினால் செயலிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் கட்டையைத் தொட்டபின் ஒலி வர 11.6 மில்லிநொடிக்கு மேல் ஆகும். செயலிச் சுமையின் வரலாறு முழுவதும் இந்த இழுபறிதான்.

தனி இயந்திரங்களின் காலம்

பாரிசின் இர்காம் நிறுவனத்தில் யூசெப்பே தி யூன்யோ உருவாக்கிய 4எக்ஸ், ஒலிக்கென்றே கட்டப்பட்ட இயந்திரம். மில்லர் பக்கெட் எழுதிய மேக்ஸ் மென்பொருள், 1988இல் பிலிப் மனூரியின் 'புளூட்டன்' படைப்பில் மெக்கின்டாஷ் கணினியிலிருந்து 4எக்சுக்குக் கட்டளையிட மட்டுமே செய்தது. அடுத்து வந்த இர்காம் பணிநிலையத்தில், நெக்ஸ்ட் கணினியில் செருகிய இன்டெல் ஐ860 செயலிப் பலகைகள் ஒலியைக் கணித்தன. திரை வேலை ஒரு செயலிக்கு, ஒலி வேலை வேறொன்றுக்கு. சுமைப் பங்கீட்டை வன்பொருளே செய்துகொடுத்தது. தனி இசைஞர் வாங்கும் விலையில் அவை இல்லை.

ஒரே செயலியில் எல்லாம்

பக்கெட்டின் ப்யூர் டேட்டாவும் ஜேம்ஸ் மெக்கார்ட்னியின் சூப்பர்கொலைடரும் 1996இலும், மேக்சுக்கான டேவிட் சிகரெல்லியின் எம்எஸ்பி 1997இலும் வந்தன. சாதாரணக் கணினியே ஒலியையும் உண்டாக்கியது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ப்யூர் டேட்டாவில் கட்டளைகளும் ஒலிக்கணக்கும் ஒரே வரிசையில் நடப்பதால், நிகழ்ச்சி நடுவே பெரிய ஒலிக்கோப்பைத் திறந்தால் இசை தடுமாறும். பயன்படாத பகுதிகளை அணைத்துவைக்கும் வசதியும் அதில் உண்டு. சூப்பர்கொலைடரின் மூன்றாம் பதிப்பு நிரல்மொழியையும் ஒலி வழங்கியையும் தனித்தனி நிரல்களாகப் பிரித்தது. இத்துறையில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்று இது. மொழிப்பகுதி சிக்கிக்கொண்டாலும் ஒலி தொடரும்.

2001இல் பெர்லினிலிருந்து வெளியான ஏபிள்டன் லைவ் சுமைமானியைத் திரையிலேயே வைத்தது. பிற்காலப் பதிப்புகளில் வந்த 'உறையவைத்தல்' வசதி, கனமான தடத்தை முன்கூட்டியே கணித்துக் கோப்பாக்கி, அந்தக் கோப்பை ஒலிக்கவிடும். ஆனால் சுமைமானி காட்டும் சராசரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அது 30 விழுக்காடு காட்டும்போதும் ஒரே ஒரு துண்டு தாமதமானால் அரங்கம் முழுக்கக் கேட்டுவிடும். அதனால்தான் பல கலைஞர்கள் மேடையேறுமுன் வைஃபையை அணைக்கிறார்கள்.

விந்தையான ஒரு சிக்கல், அமைதியால் வந்தது. எதிரொலி தேய்ந்து அடங்கும்போது மாதிரிகள் பூச்சியத்தை நெருங்கி மிகச் சிறிய எண்களாகின்றன. அவற்றைக் கணிக்கச் செயலிகள் பல மடங்கு நேரம் எடுத்தன; பென்டியம் 4இல் இது கடுமையாக இருந்தது. பாடல் உச்சத்தில் தாக்குப்பிடித்த கணினி, அது ஓய்ந்தபின் திணறியது. காதுக்கு எட்டாத அளவு இரைச்சலைச் சேர்த்தும், அத்தகைய எண்களைப் பூச்சியமாக்கும்படி செயலிக்குக் கட்டளையிட்டும் நிரலர்கள் சமாளித்தனர்.

பல கருக்கள் கொண்ட செயலிகள் வந்தபின்னும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து நிற்கும் விளைவுகளைப் பிரித்துக்கொடுக்க இயலவில்லை; முந்தையது முடியாமல் பிந்தையது தொடங்காது. தடங்களை மட்டுமே பங்கிட முடிந்தது. லினக்சு கருனியில் நிகழ்நேர வசதி பல்லாண்டுகள் தனி ஒட்டாகவே இருந்து, 2024இல் 6.12 பதிப்பில் முதன்மைக் கருனியில் சேர்ந்தது.