வாளும் வியாக்கியானமும்

பகடையை உருட்டிப் போர் நடத்தும் ஆட்டம் எதுவாயினும், ஏட்டில் எழுதிய விதி எதுவரை செல்லும், அதற்கப்பால் நடுவராக அமர்ந்திருப்பவரின் விவேகம் எங்கே தொடங்கும் என்ற வழக்கு அந்த ஆட்டத்தோடு உடன்பிறந்து விடுகிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கூடி, ஒருவர் வாள்வீரராகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று, ‘டன்ஜன் மாஸ்டர்’ எனப்படும் நடுவர் வருணிக்கும் பாதாள அறைகளில் புகுந்து, அங்கே எதிர்ப்படும் அரக்கரோடும் டிராகன்களோடும் பொருதும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற அமெரிக்க ஆட்டத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், பெரும்பாலும் அதன் கற்பனை உலகங்களையும் வியாபார ஏற்றத்தாழ்வுகளையும் பற்றியே விரித்துரைக்கிறார்கள். வாள்வீச்சு பட்டதா படவில்லையா, மந்திரம் முந்தியதா ஆயுதம் முந்தியதா என்று ஐம்பது ஆண்டுகளாக அதை ஆடுவோர் நடத்திவரும் விவாதமே அதன் மெய்யான வரலாறு என்பது என் அபிப்பிராயம். அந்த விவாதத்தின் வேரைத் தேடிச் சென்றால் பிரஷ்ய ராஜ்யத்தின் ராணுவ அலுவலகத்தில் போய் நிற்போம்.

1812-இல் பாரன் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, போர் ஆட்டத்துக்கென்றே செய்வித்த ஒரு மேசையைத் தம் அரசரான மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்குச் சமர்ப்பித்தார். பீரங்கிப்படையில் லெப்டினன்டாக இருந்த அவருடைய மகன் அதைச் சீர்திருத்தி, 1824-இல் ‘கிரீக்ஸ்பீல்’ என்ற பெயரால் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தின்மீது படைகளுக்குப் பதிலாகச் சிறு கட்டைகள் நகரும். ஒவ்வொரு முறையும் யுத்தகாலத்தில் இரண்டு நிமிஷமாகக் கணக்காகும். இரு பக்கத்தாரும் தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுத்துவிட, இரு சேனைகளின் நிலையையும் முழுமையாக அறிந்த அவர் ஒருவரே பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, இத்தனை பேர் விழுந்தனர், இந்த அணி பின்வாங்கியது என்று தீர்ப்பளிப்பார். சேனாதிபதி மியூஃப்லிங் முதலில் அசிரத்தையோடு பார்க்கத் தொடங்கி, ஆட்டம் முதிர முதிர, இது பொழுதுபோக்கன்று, யுத்தத்துக்கே உரிய பயிற்சி என்று வியந்து ராணுவம் முழுவதற்கும் சிபாரிசு செய்தார் என்பது பிரசித்தமான செய்தி. ஆனால் அரை நூற்றாண்டு சென்றபின், அட்டவணைகளின் பாரம் தாங்காமல் நடுவர்கள் சலிப்புற்றனர். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, பகடையையும் அட்டவணையையும் ஒதுக்கிவிட்டு, போர்க்களம் கண்ட நடுவர் தம் அநுபவத்தைக் கொண்டே முடிவு சொல்லட்டும் என்ற மார்க்கத்தை வகுத்தார். எழுத்துக்குக் கட்டுப்பட்ட ஆட்டம், நடுவரின் மதிக்குக் கட்டுப்பட்ட ஆட்டம் என்ற இரு மரபுகள் இவ்வாறு பிரிந்து நின்றன. இன்று ஓர் அமெரிக்கக் கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணிக்கு எழும் வழக்கும் இந்தப் பிரிவினையின் சந்ததிதான் என்று நான் துணிந்து சொல்வேன்.

1913-இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலால் இத்தகைய ஆட்டத்தைச் சாதாரணக் குடும்பங்களின் தரைவிரிப்புக்குக் கொண்டுவந்தார். விசைவில் பூட்டிய பொம்மைப் பீரங்கியால் சுட்டுச் சிப்பாய் சாய்ந்தால் செத்தான், சாயாவிட்டால் பிழைத்தான் என்று முடிந்துவிட்டபடியால், பீரங்கிச் சூட்டைப் பொறுத்தவரை அங்கே வியாக்கியானத்துக்கு அதிக வேலையில்லை. நமக்கு முக்கியமானது வேறொரு நூல்: சார்ல்ஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராடெகோஸ்’. மினசோட்டாவில் மாணவராக இருந்த டேவ் வெஸ்லி, நூலகத்தில் கிடந்த அந்தப் பழம்புத்தகத்திலிருந்து, ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், முடியுமா முடியாதா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்ற கொள்கையைக் கைக்கொண்டு, 1960-களின் இறுதியில் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். அவருடைய குழுவில் இருந்த டேவ் ஆர்னெஸன் அந்தக் கொள்கையை ‘பிளாக்மூர்’ என்ற கற்பனைத் தேசத்துக்குள் கொண்டுசென்றார்.

அதே காலத்தில் விஸ்கான்ஸின் மாகாணத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், காப்பீட்டுத் துறையில் உத்தியோகம் பார்த்து, 1970-இல் அதை இழந்து, வீட்டிலேயே செருப்புத் தைக்கும் தொழிலால் ஜீவனம் நடத்திய கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனோடு சேர்ந்து 1971-இல் ‘செயின்மெயில்’ என்ற மத்தியகாலப் போர் விதிநூலை வெளியிட்டார். படைகளுக்கென்று எழுதிய அந்த விதிகளில், இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை போதுமானதாக விழுந்தால் எதிராளி மாண்டான்; காயம் என்ற இடைநிலையே கிடையாது. அந்த விதிகளை எடுத்தாண்ட பிளாக்மூர் ஆட்டக்காரர்களோ, வாரக்கணக்காக ஒரே வீரனாக வாழ்ந்து, அவனுக்குப் பெயரும் பகையும் பொருளும் சேர்த்து வைத்திருந்தவர்கள். ஒரே உருட்டலில் அவன் மடிவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அப்போது ஆர்னெஸன், இரும்புக் கவசக் கப்பல்களின் போருக்காகத் தாம் முன்பே எழுதியிருந்த விதிகளிலிருந்து, கப்பல் எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கை எடுத்து மனிதருக்குப் பொருத்தினார் என்று அவரே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். கப்பலுக்கு உரிய கணக்கு மனித உடம்புக்கு ஏறியவுடன், அந்த ‘ஹிட் பாயின்ட்’ குறைவது எதைக் குறிக்கிறது என்ற கேள்வி பிறந்தது. ரத்தம் சிந்துவதையா, களைப்பையா, அதிர்ஷ்டம் தேய்வதையா? இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட சமாதானங்களை மட்டும் தொகுத்தாலே ஒரு கிரந்தமாகும்.

1974 ஜனவரியில், பத்து டாலர் விலையில், மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக, கைகாக்ஸும் ஆர்னெஸனும் சேர்ந்து எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. சண்டைக்குச் செயின்மெயிலைப் பார்க்கவும் என்று ஒரு வழியும், அதற்கு மாற்றாக இருபது முகப் பகடையைக் கொண்ட ஓர் அட்டவணையும் அதில் இருந்தன. தொடக்க நிலை வீரன், கவசமற்ற எதிரியைத் தாக்கப் பத்தும், முழுக்கவசமும் கேடயமும் பூண்டவனைத் தாக்கப் பதினேழும் உருட்ட வேண்டும். அவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல், இருவரில் யார் முதலில் அடிப்பது என்பதைச் சொல்லவே இல்லை! ‘ரவுண்டு’ எனப்படும் ஒரு சண்டைச் சுற்றில் எத்தனை அடி, வில்லாளியின் முறை எப்போது, மந்திரம் எந்தக் கணத்தில் பலிக்கும் என்பனவெல்லாம் வாங்கியவரின் ஊகத்துக்கு விடப்பட்டன. பத்தாண்டுகளாகப் போர் ஆட்டங்களில் பழகியவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும் என்று ஆசிரியர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் பெட்டி அவர்களுடைய வட்டத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

அதன் விளைவாக எழுந்த சந்தேகங்களுக்கு, 1975-இல் கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனம் தன் ‘ஸ்ட்ராடெஜிக் ரெவ்யூ’ பத்திரிகையில் விடையளித்தது. அங்கே ஓர் உதாரணச் சண்டை வருகிறது: பாதாளத்தில் வழிதவறித் தனியே அலையும் வீரன் ஒருவன்மீது பத்து ‘ஆர்க்’ அரக்கர் எதிர்பாராமல் பாய்கிறார்கள். அவனை ஒரே சமயத்தில் எத்தனை பேர் நெருங்க முடியும், பிடித்து அமுக்க முயன்றால் எப்படி உருட்டுவது என்றெல்லாம் படிப்படியாகக் காட்டப்படுகிறது. சூத்திரம் சுருங்கியிருந்தால் உரை பெருகும் என்பது நம் இலக்கணப் பயிற்சி உள்ளவர்களுக்குத் தெரிந்ததே; அங்கேயும் அதுவே நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் கால்டெக் மாணவர்கள் தம் சண்டை முறையை ‘வார்லாக்’ என்ற பெயரில் 1975-இல் அச்சிட்டனர். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்டீவ் பெரின், ஒரு ரவுண்டுக்குள் எது முன், எது பின் என்ற வரிசையைத் திட்டமாக வகுத்து 1976-இல் ‘டன்டிராகான்’ கூட்டத்தில் பரப்பினார். இரண்டே ஆண்டில் அவர் ‘ரூன்குவெஸ்ட்’ என்ற தனி ஆட்டத்துக்கே கர்த்தாவானார். அந்த ஆதிப் பெட்டியின் குறைபாட்டை நான் குறையாகக் கருதவில்லை. அந்த மௌனம் இல்லாதிருந்தால் இத்தனை பேர் சிந்தித்திருக்க மாட்டார்கள்.

சிந்தித்தவர்கள் எல்லாரும் சரியாகவே சிந்தித்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நரம்பியல் மருத்துவப் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ், புதியவர்களுக்காக விதிகளைத் தொகுத்து 1977-இல் வெளிவந்த நூலில், குத்துவாள் போன்ற இலகுவான ஆயுதத்தால் ஒரு ரவுண்டில் இரண்டு அடியும், இரு கைகளாலும் ஏந்தும் பெருவாளால் ஒன்றுவிட்ட ஒரு ரவுண்டில் ஓர் அடியும் விழும் என்று இருக்கிறது. பாரமான ஆயுதம் தாமதமாகும் என்பது நியாயந்தானே என்று வாசகன் தலையசைப்பான். ஆனால் அதே நூலில் எல்லா ஆயுதங்களுக்கும் சேதம் ஒரே ஆறு முகப் பகடைதான். இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், இரண்டு ரவுண்டுக்குள் குத்துவாள் நான்கு முறை தாக்க, பெருவாள் ஒரு முறைதான் தாக்குகிறது. ஆகவே காய்கறி நறுக்கும் அளவுள்ள கத்தியே உலகத்தின் மகா ஆயுதம் என்று முடிகிறது. தனித்தனியே நியாயமான இரு விதிகள் சேர்ந்து அநியாயமாவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் கண்டதில்லை. எழுத்தின்படி தீர்ப்பதா, ஆசிரியரின் உத்தேசத்தை ஊகித்துத் தீர்ப்பதா என்பது இங்கே வெறும் தத்துவ விசாரமன்று. மேசையில் அமர்ந்திருக்கும் நடுவர் அந்த நிமிஷமே முடிவு செய்தாக வேண்டும்.

கைகாக்ஸ் இந்த நிலைமைக்குப் பரிகாரம் தேடினார். ஊருக்கு ஒரு வழக்கம் என்றால் ‘ஜென் கான்’ போன்ற பெருங்கூட்டங்களில் போட்டி நடத்துவது எப்படி? ஆகவே ‘அட்வான்ஸ்ட்’ என்ற அடைமொழியோடு, எல்லாருக்கும் பொதுவான தீர்ந்த சட்டமாக, 1978-இல் ஆட்டக்காரர் நூலையும் 1979-இல் நடுவர் நூலையும் எழுதினார். ஒரு ரவுண்டு ஒரு நிமிஷம். அது ஆறு விநாடிகொண்ட பத்துக் கூறுகள். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு வேக எண். ஒவ்வொரு மந்திரத்துக்கும் உச்சாடன காலம். மந்திரவாதி ஒருவன் மூன்று கூறு பிடிக்கும் அக்கினிக் கோளத்தை ஏவத் தொடங்குகிறான். வேக எண் ஐந்து உடைய நீண்ட வாளோடு எதிரி அவன்மேல் பாய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். யார் முந்துவது என்பதற்கான உருட்டலில் தோற்ற வாள்வீரனின் பகடை எண்ணை ஐந்திலிருந்து கழிக்க வேண்டும். அவனுக்கு ஒன்று விழுந்திருந்தால் மீதி நான்கு, மந்திரம் முந்திவிடும். இரண்டு விழுந்திருந்தால் மீதி மூன்று, இரண்டும் ஒருங்கே நிகழும். மூன்று விழுந்திருந்தால் மீதி இரண்டு, வாள் முந்தும். குத்துவாளுக்கு வேக எண் இரண்டே ஆகையால், மூன்றோ அதற்கு மேலோ கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்போது குறையை மிகையாகக் கொள்ளவேண்டும் என்பது விதி. அதாவது தோற்ற பகடையில் பெரிய எண் விழுவது ஓரளவு வரை நன்மை, அதற்குமேல் தீமை! எந்தப் போர்க்கள அநுபவத்தை இது பிரதிபலிக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

இந்த விதிகளை ஒழுங்குபடுத்த, பிற்காலத்து ரசிகர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு நிறைந்த ஒரு தனி ஏட்டையே தயாரித்தார். கைகாக்ஸோ, ஆயுத வேகக் கணக்கை மறந்துவிடும்படி தம் முதுமையில் வாசகர்களுக்குச் சொல்லிவிட்டார். அந்த நடுவர் நூலின் பின்னுரையிலேயே, விதிகளின் எழுத்தைவிட ஆட்டத்தின் ஆன்மாவே பெரிது என்ற கருத்தை அவர் வற்புறுத்தியிருக்கிறார். ஒரே மனிதர் ஒரே நூலில் தீர்ந்த சட்டத்தையும் அதை மீறும் அதிகாரத்தையும் சேர்த்து வழங்கியதை முரண்பாடு என்று பலர் கண்டித்ததுண்டு. டாட்டனின் மரபும் போட்டி நடத்துபவரின் தேவையும் அவருக்குள் ஒருசேரக் குடியிருந்தன என்று கொண்டால், அந்தக் கண்டனத்தின் கடுமை தணியும்.

அதே 1979-இல் ‘டிராகன்’ பத்திரிகையில் ‘சேஜ் அட்வைஸ்’ என்ற கேள்வி-பதில் பகுதியை ஜீன் வெல்ஸ் தொடங்கினார். 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்கிப் வில்லியம்ஸ் நெடுங்காலம் அந்தப் பீடத்தில் இருந்து, மாதந்தோறும் வாசகரின் ஐயங்களைத் தீர்த்துவந்தார். 2000-இல் மூன்றாம் பதிப்பு உருவானபோது அதன் மூன்று ஆசிரியருள் ஒருவராக அவரும் இடம்பெற்றார் என்பது கவனிக்கத்தக்கது. உரைகாரரே நூலாசிரியரானபடியால், வரக்கூடிய கேள்விகளையெல்லாம் முன்கூட்டியே அடைத்துவிடும் முயற்சி அந்தப் பதிப்பில் பக்கந்தோறும் தெரிகிறது. ஐந்தடிக் கட்டங்கள் வரைந்த விரிப்பு, எதிரியின் எல்லையைக் கவனமின்றிக் கடப்பவன்மீது விழும் சந்தர்ப்ப அடி, அந்த அடி எந்தெந்தச் செயலுக்கு உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியல் என்று யாவும் திட்டமாயின. ஆயினும் ஒருவன் மற்றவனைக் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டினால் என்ன செய்வது என்ற விதி வந்ததும் மேசை மேசையாக ஆட்டம் நின்று புத்தகம் புரட்டப்பட்டது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நடுவருக்கு மீண்டும் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டில் ‘சேஜ் அட்வைஸ்’ பகுதியைப் புதுப்பித்த ஜெரமி கிராஃபோர்ட், விதியை எழுத்தின்படி, எழுதியவரின் உத்தேசப்படி, மேசையின் இன்பத்தின்படி என மூவகையாக அணுகலாம் என்று வகுத்துரைத்தார். கண்ணுக்குப் புலப்படாதவனுக்கு, அவன் தாக்கும்போது இரண்டு பகடை உருட்டிப் பெரியதைக் கொள்ளும் சலுகை உண்டு என்று அந்தப் பதிப்பு கூறியது. மறைந்திருப்போரைக் காணும் மந்திரத்தால் எதிரி அவனை நேரே பார்த்துக்கொண்டிருந்தாலுமா? எழுத்தின்படி ஆம், கிராஃபோர்டும் அவ்வாறே தீர்த்தார். பல மேசைகள் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து, கண்டவனிடம் மறைவு செல்லாது என்றே ஆடிவந்தன. தனிப்பட்ட முறையில் அவர் அவ்வப்போது வெளியிடும் விடைகள் அதிகாரபூர்வமானவை அல்ல, ஆலோசனைகளே என்று 2019-இல் அப்போது ஆட்டத்தை வெளியிட்டுவந்த நிறுவனமே அறிவித்தது. 2024-இல் ஆட்டக்காரர் நூலைத் திருத்தி எழுதியபோது, எதிரி எவ்வகையிலேனும் காண முடிந்தால் அவனிடம் அந்தச் சலுகை கிடையாது என்ற வாக்கியம் விதியிலேயே ஏறிவிட்டது.