ஒரே வரம்புக்குள் கல்வியும் முதலீடும்: தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் பற்றிய ஆய்வு

இந்தியக் குடியிருப்பாளர் ஒருவர் வெளிநாட்டுப் பயணத்துக்கோ படிப்புக்கோ அன்னியச் செலாவணி வாங்குவதை, 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டமும் நெறிப்படுத்துகின்றன. 2004 பிப்ரவரியில் 25,000 டாலருடன் தொடங்கிய இத்திட்டத்தின் ஆண்டு வரம்பு இன்று 2,50,000 டாலர். வரம்பு பெரிதுதான், ஆனால் இயல்பில் வேறுபட்ட செலவுகள் அதற்குள் ஒன்றாக அடைக்கப்பட்டிருப்பதே இத்திட்டத்தின் அடிப்படைக் குறை.

கல்விக் கட்டணம், மருத்துவம், பயணம் போன்ற அன்றாடக் கொடுக்கல் வாங்கல்கள் நடப்புக் கணக்கைச் சேர்ந்தவை. வெளிநாட்டில் பங்கோ வீடோ வாங்குவது, சொத்து நிலையையே மாற்றுவதால், மூலதனக் கணக்கைச் சேர்ந்தது. சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த 1994 ஆகஸ்டில், பன்னாட்டு நிதியத்தின் எட்டாம் பிரிவுக் கடமைகளை ஏற்றதன் மூலம், நடப்புக் கணக்குச் செலுத்தல்களைத் தடுப்பதில்லை என்று இந்தியா உறுதியளித்தது. மூலதனக் கணக்குக்கு அத்தகைய உறுதி தரப்படவில்லை.

2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது இப்பிரிவினையின் பயன் வெளிப்பட்டது. ரிசர்வ் வங்கி திட்டத்தின் வரம்பை 2,00,000 டாலரிலிருந்து 75,000 டாலராக வெட்டியது. ஆயினும் வெளிநாட்டுப் படிப்புக்கென விதிகளில் தனியே இருந்த, கல்வியாண்டுக்கு 1,00,000 டாலர் என்ற வரம்பை அவ்வெட்டு தொடவில்லை. 2015 மே மாதத்தில் அத்தனி வரம்புகள் அனைத்தும் பொது வரம்புக்குள் கரைக்கப்பட்டன. கல்வி நிறுவனத்தின் செலவு மதிப்பீட்டைக் காட்டினால் வரம்புக்கு மேலும் அனுப்பலாம் என்ற விலக்கு எஞ்சியிருப்பது உண்மையே. ஆனால் முன்பு உரிமையாக நின்றது இப்போது விலக்காகச் சுருங்கிவிட்டது.

வரிச் சட்டம் இக்கலப்பைப் பின்பற்றியபோது சுமை கூடியது. பணம் அனுப்பும்போதே வங்கி வசூலித்து, பின்னர் அனுப்பியவரின் வருமான வரியில் ஈடுசெய்யப்படும் வரி 2020 அக்டோபரில் வந்தது. 2025-26 நிதியாண்டில் இதற்கான விலக்குத் தொகை 10 லட்சம் ரூபாய். அதுவும் எல்லா நோக்கங்களுக்கும் சேர்த்து ஒன்றே. சேமிப்பிலிருந்து 25 லட்சம் ரூபாய் கட்டணம் அனுப்பும் தந்தை, மிகுந்த 15 லட்சத்துக்கு 5 விழுக்காடாக 75,000 ரூபாயைக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அவர் 10 லட்சத்துக்கு வெளிநாட்டுப் பங்குகளை முன்பே வாங்கியிருந்தால், கட்டணத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரி தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனாயின் வரியே இல்லை. மாதச் சம்பளக்காரர் இதைச் சம்பளப் பிடித்தத்தில் கழித்துக்கொள்ள வழியுண்டு. வரிவிதிப்புக்கு உட்படாத வேளாண் வருமானத்தைச் சேர்த்து மகளைப் படிக்க அனுப்பும் உழவரோ, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, திருப்பித் தரப்படும்வரை காத்திருக்க வேண்டும். கடன் வாங்கியவருக்குச் சலுகையும் சிறுகச் சேர்த்தவருக்குச் சுமையும் தரும் இந்த ஏற்பாடு நியாயமன்று.

பயணிகளுக்கான நாணய விதிகள் இவ்வாறு குறைகூறத் தக்கவையல்ல. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகப் பெறலாம். திரும்பியபின் செலவழியாத நோட்டுகளை, 2,000 டாலர் வரை வைத்துக்கொண்டு, மிச்சத்தை 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். இவை ரொக்கத்தின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றனவேயன்றிப் பயணத்தைத் தடுப்பதில்லை.

கல்விக்கெனத் தனி வரம்பையும் தனி வரிவிலக்குத் தொகையையும் மீட்பதற்கு நிர்வாகத் தடை ஏதும் இல்லை. பணம் அனுப்புவோர் நிரப்பும் ஏ2 படிவத்திலேயே கல்விக்கு ஒரு நோக்கக் குறியீடும் பங்கு முதலீட்டுக்கு வேறொரு குறியீடும் உள்ளன; வங்கிகள் அவற்றைப் பிரித்தே ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்து வருகின்றன.