படையொடு வந்த பால்தேயஸ் பாதிரியார்

போர்த்துக்கேயர் 1620களில் திருக்கோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டினர். வழிபாடு பின்னர்த் தம்பலகாமத்து ஆதிகோணேசர் ஆலயத்தில் தொடர்ந்தது. அடுத்து வந்த ஒல்லாந்தப் படையோ கற்களோடு எழுத்தையும் நாடிற்று. அதற்குக் காரணர் அப்படையின் பாதிரியாரே.

டெல்வ் நகரில் 1632 இல் பிறந்த பிலிப்பஸ் பால்தேயஸ், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். 1658 இல் வான் கூன்ஸ் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது படையினருக்குப் போதகராய் உடன் வந்தார். பின் அங்கேயே சில ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். கத்தோலிக்கர் விட்டுச்சென்ற தேவாலயங்களும் பள்ளிகளும் அவர் சபைக்குரியவாயின. நேற்று வரை ஒரு சபையின் செபம் ஓதிய குடிகள் இன்று மற்றொன்றை ஓத வேண்டியவராயினர். அவர்தம் உள்ளத்தை எவரும் வினவினாரல்லர்.

அவரது நூல் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இந்துக்களின் தெய்வங்களைப் பற்றிக் கூறும் பகுதியை ஐரோப்பியர் நெடுங்காலம் அவருடைய சொந்த ஆராய்ச்சியென்றே கொண்டனர். அதிற் பெரும்பங்கு, மலையாளக் கரையில் வாழ்ந்த யேசு சபைக் குரு பெனிசியோவின் கையெழுத்துப் படியினின்று எடுக்கப்பட்டது. அப்படியை 1933 இல் உப்சாலாவிற் பதிப்பித்த சார்பென்டியர் இதனைத் தெளிவாக்கினார். தாம் விலக்க வந்த சபையின் குருவிடமே கடன்கொண்டும் பெயர் சொல்லாது விட்டமை பாதிரியாருக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள், பள்ளிகள் பற்றி அவர் எழுதியவை நேரிற் கண்டவை. அக்காலத்தை ஆராய்வோர் இன்றும் அப்பக்கங்களை நாடுகின்றனர்.